சென்னையிலிருந்து திருமலைக்கு நடந்து போக: மலைக்குக் கால் மிச்சம் வையுங்கள்

புரட்டாசியில் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக் குடைகள் கிளம்பும். யானைக்கவுனி தாண்டி, அயனாவரத்தில் தங்கி, எங்கள் வில்லிவாக்கத்துக்கு வரும்போது தெருவே கோவிந்த நாமத்தில் நிறைந்துவிடும். குடைகள் போன மறுநாளிலிருந்து மஞ்சள் வேட்டி கட்டிய சிறு சிறு கூட்டங்கள் பக்கத்தில் இருக்கும் பாடி என்ற ஊரை நோக்கி நடக்கத் தொடங்கும். அப்படி ஒரு கூட்டத்தோடுதான் நானும் முதல் தடவை கிளம்பினேன். நான்கே நாளில் திருப்பதி என்று கணக்கு. இரண்டாம் நாளே பாதத்தில் கொப்புளம், மூன்றாம் நாள் முழங்கால் வீக்கம். மலையடிவாரத்து அலிபிரியில் படிகளைக் கையால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பஸ்ஸில்தான் மலையேற முடிந்தது. அத்தனை தூரம் நடந்தும் மலையை நடந்து ஏறவில்லையே என்ற வருத்தம் அடுத்த புரட்டாசி வரை போகவில்லை.

அதற்குப் பிறகு பல முறை போய்விட்டேன், ஒரு முறையும் படி ஏறாமல் திரும்பியதில்லை. நான் மாற்றிக்கொண்டது ஒரே ஒரு விஷயம். சாலையில் நடப்பதெல்லாம் மலை ஏறுவதற்காக என்று வைத்துக்கொண்டு, கடைசி நாளிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுகிறேன். இந்த வழிகாட்டியும் அப்படித்தான் போகும்.

கடைசி நாளிலிருந்து கணக்கு

அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். தூரம் பத்துக் கிலோமீட்டர் வாக்கில் வரும். கீழ்த் திருப்பதியிலிருந்து கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். நல்ல காலோடு இருப்பவருக்கு மூன்றரை மணி முதல் ஐந்து மணி நேரம் ஆகும். வெயிலுக்கு முன் பாதி ஏற்றம் முடிய வேண்டுமானால், பாதை திறந்த உடனே ஏறத் தொடங்க வேண்டும். அப்படியானால் முந்தின நாள் மதியமே திருப்பதி ஊருக்குள் வந்து, குளித்து, காலை உயரே தூக்கி வைத்துத் தூங்கியிருக்க வேண்டும். அந்தக் கடைசி நாள் நடை 20 கிலோமீட்டர் வாக்கிலேயே நின்றுவிட வேண்டும்.

இந்தக் கணக்கில் பின்னோக்கி வந்தால், பாடியிலிருந்து திருப்பதி வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டருக்கு ஏழு நாள். எட்டாம் நாள் விடியற்காலை மலை. "ஏழு நாளா? எங்கள் மாமா மூணே நாளில் போனாரே" என்று யாராவது சொல்வார்கள். அவர் போயிருப்பார், நல்ல தேகம். நம்மில் பெரும்பாலானவர்கள் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். லீவு அவ்வளவு கிடைக்காது என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், தூரத்தைக் குறையுங்கள். திருத்தணி வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து நான்கு நாள் நடந்து, ஐந்தாம் நாள் மலை ஏறலாம். அதுவும் பாதயாத்திரைதான்.

எந்த மாதம்? புரட்டாசிக்கு ஒரு தனி மகிமை உண்டு. வழியெல்லாம் அன்னதானப் பந்தல், துணைக்கு ஆள், எங்கு பார்த்தாலும் கோவிந்தா. ஆனால் மதியம் வெயில், சாயங்காலம் மழை, மலை மேல் நெரிசல். பிரம்மோற்சவத்தில் கருட சேவை நாளை ஒட்டிப் போனால் தரிசனத்துக்கு மிகவும் காத்திருக்க வேண்டி வரும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது மார்கழிக் கடைசி அல்லது தை. வைகுண்ட ஏகாதசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம்.

ஆறு வாரம் முன்பிருந்து

முதல் இரண்டு வாரம் தினமும் ஐந்து கிலோமீட்டர். அடுத்த இரண்டு வாரம் வார நாட்களில் அதே ஐந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பன்னிரண்டு. ஐந்தாம் வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதினைந்து பதினைந்து. அடுத்தடுத்த நாள் நடப்பதுதான் உண்மையான பயிற்சி, ஏனென்றால் முதல் நாள் நடந்த கால் மறுநாள் காலையில் என்ன சொல்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஆறாம் வாரம் ஓய்வு.

மெரினாவில் நடப்பது சுகம்தான். ஆனால் அதில் படி ஏறும் தசை வராது. அதற்கு மாடிப்படி வேண்டும். ஒரு மாடிக்கு இருபது படி என்றால் அலிபிரி 175 மாடிக்கு மேல். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், முப்பது மாடி வரை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனால் போதும். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், முழங்கால் கெடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலை அல்லது திருநீர்மலைப் படிகளுக்குப் போய் வரலாம்.

சர்க்கரை நோய், இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாமல் புண் ஆகிவிடும். வேண்டுதல் என்றாலும் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாதமும் பையும்

கொப்புளம் வருவதற்குக் காரணம் மூன்று: ஈரம், உராய்வு, சூடு. மூன்றில் ஒன்றைத் தடுத்தாலும் பாதி தப்பித்துவிடலாம். புது ஷூ போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், பயிற்சியில் பழகிய ஷூவே போதும். பாதம் நடந்து நடந்து வீங்கும் என்பதால் அரை அளவு பெரிதாக இருப்பது நல்லது. காலையில் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவி, மேலே காலுறை போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பாதத்தைக் காற்றாட விட்டு, காலுறையை மாற்றுங்கள். ஈரக் காலுறையைப் பையின் வெளியே மாட்டிவிட்டால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும்.

ஓர் இடத்தில் எரிச்சல் தெரிந்தால் "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போகாதீர்கள். அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்தே விட்டால், சின்னதாக இருந்தால் தொடாமல் மூடி வைப்பது நல்லது. பெரிதாகி நடக்க விடவில்லை என்றால், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்துவிட்டு, மேல் தோலை உரிக்காமல் மருந்து போட்டுக் கட்டுங்கள்.

பை ஐந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். இரண்டு வேட்டி அல்லது இரண்டு செட் துணி, துண்டு, மெல்லிய போர்வை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட், டார்ச், பவர் பேங்க், மருந்து, ஆதார் அட்டை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டிலாகவே வாங்குங்கள், மலை மேல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுமதி இல்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாளுக்கு இரண்டு கணக்கு. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் அதுவே சரி.

பத்துப் பேருக்கு மேல் போகிறீர்கள் என்றால் ஒரு குட்டியானை வண்டி பேசிக்கொள்ளுங்கள். சமையல் சாமானும் மூட்டையும் அதில் போய்விடும், நடக்க முடியாதவரும் ஏறிக்கொள்ளலாம். வண்டி முன்னால் போய் நிற்க வேண்டுமே தவிர, நடக்கிறவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது. நெடுஞ்சாலையில் அது எல்லோருக்கும் ஆபத்து.

சாலை: நாள் நாளாக

எல்லா நாளும் ஒரே ஒழுங்கு: காலை நான்கரைக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் அன்றைய நடையில் முக்கால் பங்கு முடித்துவிட வேண்டும். மதியம் தூக்கம். மிச்சம் சாயங்காலம் நான்குக்கு மேல். இருட்டியபின் நடக்க வேண்டாம். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். விடியற்காலை இருட்டில் முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளிரும் பட்டை மாட்டியிருக்க வேண்டும், கையில் டார்ச் எரிய வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பதை எங்கள் கூட்டத்தில் நாங்கள் அனுமதிப்பதில்லை.

முதல் நாள், பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் வழியாகத் திருநின்றவூர், சுமார் 20 கிலோமீட்டர். உற்சாகத்தில் கால் தானாக ஓடும், பிடித்து வையுங்கள். எனக்கு முதல் தடவை முழங்கால் போனதற்கு விதை போட்டது இந்த முதல் நாள் வேகம்தான். பக்கத்திலேயே ரயில் பாதை வருகிறது. ஒருவருக்கு முடியவில்லை என்றால் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அதில் வெட்கமில்லை. வைகுண்டத்தை விட்டு வந்த திருமகள் நின்ற ஊர் என்பது திருநின்றவூரின் தலபுராணம். பக்தவத்சலப் பெருமாளின் பக்கத்தில் தாயாருக்குப் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'. நடந்து களைத்துப் போய் அந்தச் சன்னிதியில் நிற்கும்போது அந்தப் பெயர் நெஞ்சில் இறங்கும். நின்று பாருங்கள்.

இரண்டாம் நாள் திருவள்ளூர், 15 கிலோமீட்டருக்குள்தான். வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன், ஏனென்றால் முதல் நாள் வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். இங்கே வீரராகவப் பெருமாள் கிடந்த கோலம். சாலிஹோத்திர முனிவரிடம் கிழவராக வந்து உணவு வாங்கி உண்டுவிட்டு, "எவ்வுள் படுப்பது?" என்று, அதாவது எந்த அறையில் என்று கேட்டதால் ஊருக்குத் திருஎவ்வுள் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வழிநடைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை. அமாவாசையை ஒட்டி வந்தால் நமக்கும் அதே கேள்விதான்: அன்று ஊர் நிறைந்து வழியும், தங்க இடம் கிடைக்காது. நாள் குறிக்கும்போதே பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள்தான் கடினம். திருவள்ளூரைத் தாண்டியதும் ரயில் பாதை கடம்பத்தூர், அரக்கோணம் பக்கம் பிரிந்து போய்விடும். சாலை திருப்பாச்சூர், ராமஞ்சேரி, கனகம்மாசத்திரம் வழியாகத் திருத்தணிக்குப் போகும். ரயிலும் சாலையும் மறுபடி சந்திப்பது திருத்தணியில். இடையில் ஏதாவது ஆனால் பஸ்ஸையும் ஆட்டோவையும்தான் நம்ப வேண்டும். நிழலும் குறைவு, கடைகளும் தள்ளித் தள்ளித்தான். கிளம்பும்போதே ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதம், கடலை மிட்டாய், வாழைப்பழம் கையில் இருக்கட்டும். யாருக்காவது வியர்வை நின்று உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்து கனகம்மாசத்திரத்தில் இரவு. தங்குவதற்குக் கல்யாண மண்டபமோ கோயில் மண்டபமோ ஒரு வாரம் முன்பே நேரில் போய்ப் பேசி வைத்துவிடுங்கள். எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்றாலும் இங்கே மிக அவசியம்.

நான்காம் நாள் திருத்தணி. காலையிலேயே வந்துவிடலாம். முருகனைப் பார்க்க 365 படிகள், நாளுக்கு ஒன்று என்று கணக்கு. மாலையில் மெதுவாக ஏறிப் பாருங்கள், நான் இதை ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன். இந்தப் படியில் முழங்கால் குத்தினால் திருத்தணியிலேயே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். குத்தவில்லை என்றால் அலிபிரிக்கு உங்கள் கால் தயாராக இருக்கிறது.

திருத்தணியைத் தாண்டினால் பொன்பாடி, அதற்கப்பால் ஆந்திரம். இந்தத் திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி. முதலானவர்களின் வட எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம்மோடு சேர்ந்தது. எல்லை தாண்டினாலும் பேச்சுக்குக் கவலை வேண்டாம், நகரியிலும் புத்தூரிலும் தமிழ் தாராளமாகப் புழங்கும். "அண்ணா, தண்ணி வேணுமா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். ஐந்தாம் நாள் நகரியில் தங்கல். நெசவு ஊர். மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மலை வெகுதூரத்திலிருந்தே தெரியத் தொடங்கும், மலைநாட்டுக்குள் வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் கண்ணுக்கே புரியும்.

ஆறாம் நாள் புத்தூர் வந்து, மதியம் ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் வடமாலப்பேட்டை வரை நடந்துவிடுங்கள். மறுநாள் பாரம் குறையும். புத்தூரிலிருந்து நாராயணவனம் சில கிலோமீட்டர்தான். பத்மாவதித் தாயாருக்கும் சீனிவாசருக்கும் கல்யாணம் நடந்த ஊர் என்று ஐதீகம். அங்கே ஆட்டோவில் போய் வாருங்கள், வேண்டுதல் கெடாது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் 'புத்தூர் கட்டு' இந்த ஊருடையதுதான். கால் பிசகி வீங்கியிருந்தால் அழுத்தித் தேய்ப்பதோ சுளுக்கெடுப்பதோ வேண்டாம், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

ஏழாம் நாள் திருச்சானூர் வழியாகத் திருப்பதி. முதலில் தாயார், பிறகு பெருமாள் என்பது பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். பத்மாவதித் தாயாரைத் தரிசித்துவிட்டு மதியத்துக்குள் அறைக்குப் போய்விடுங்கள். கோவிந்தராஜரைப் பார்க்க ஆசை வரும், கடை வீதி கூப்பிடும். திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் பாதத்தை வைத்து, நன்றாகத் துடைத்து, எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறினால் மலையில் அலிபிரிப் பாதையின் நடுவே நிற்கும் காலி கோபுரத்துப் பக்கம் திருநாமமும் சங்கு சக்கரமும் ஒளிர்வது தெரியும்.

அலிபிரி

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம். 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதன் பிறகு மதியம் 2 மணிக்கு மேல் சிறுவர் சிறுமியரைப் பாதையில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பெரியவர்களுக்கும் இரவில் பாதை மூடப்படும். குழந்தைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள், ஓடி முன்னால் போக விடாதீர்கள். நேரங்களும் வயது வரம்பும் மாறுவதுண்டு. நடந்து வருவோருக்கான திவ்ய தரிசன டோக்கன் எங்கே, எப்போது தருகிறார்கள் என்பதும் பல முறை மாறியிருக்கிறது. கிளம்பும் வாரத்தில் தேவஸ்தானத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் மூட்டையை இலவசமாக மேலே அனுப்பும் கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர், ஆதார், மருந்து, பணம் மட்டும் கையில். செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் நிறைய. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள், வழுக்கும். ஓரமாகக் கால் வையுங்கள்.

காலி கோபுரம் வரைதான் ஏற்றம் கடுமை, படிகளில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே வந்துவிடும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு திணறினால் நின்றுவிடுங்கள். ஐம்பது படிக்கு ஒரு நிறுத்தம், நின்றபடியே பத்து மூச்சு. அடிக்கடி உட்கார்ந்து எழுந்தால் தொடை இறுகிவிடும். காலி கோபுரத்தில் மட்டும் நன்றாக உட்கார்ந்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு எழுங்கள்.

அதற்கப்புறம் காடு. சமதளமும் சிறு படிகளுமாக, மான்களைப் பார்த்துக்கொண்டு, ஆஞ்சநேயரையும் நரசிம்மரையும் சேவித்துக்கொண்டு போகலாம். இங்கே மனசு லேசாகிவிடும், முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. முழங்கால் முறிச்சான் இன்னும் இருக்கிறது, தெலுங்கில் மோகாள்ள மிட்ட. மலையே பெருமாளின் திருமேனி என்று நினைத்து, காலால் மிதிக்க மனம் வராமல் ராமானுஜர் முழங்காலால் ஏறிய இடம் என்பார்கள். பின்னாளில் பெருமாள் மேல் கீர்த்தனைகள் பாடிய அன்னமய்யா, சிறுவனாகப் பசியில் சோர்ந்து கிடந்தபோது தாயார் வந்து சோறு ஊட்டியதாகச் சொல்வதும் இங்கேதான். ஏழு நாளும் காலை மிச்சம் பிடித்தது இந்தச் செங்குத்துப் படிகளுக்காகத்தான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, அடுத்த படி. பக்கத்தில் யாராவது முழங்காலாலேயே ஏறிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு வழி விடுங்கள்.

(ஸ்ரீவாரி மெட்டு என்று இன்னொரு பாதை, சீனிவாச மங்காபுரம் பக்கத்தில். 2,388 படிகள். தூரம் குறைவு, ஏற்றம் விடாத ஏற்றம். சென்னைச் சாலையிலிருந்து வருகிறவர்களுக்கு அலிபிரிதான் நேர் வழி.)

மேலே போனதும்

நேராக வரிசைக்கு ஓடாதீர்கள். முதலில் மூட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். அறை கிடைக்கவில்லை என்றால் யாத்திரிகர் வளாகத்தில் இலவச லாக்கரும் படுக்கக் கூடமும் உண்டு. முடி காணிக்கை இருந்தால் கல்யாணக்கட்டா, அதற்கும் கட்டணம் இல்லை. புஷ்கரணியில் தீர்த்தமாடி, கரையில் இருக்கும் வராகப் பெருமாளை முதலில் சேவிக்க வேண்டும். மலை அவருடையது, சீனிவாசருக்கு இடம் கொடுத்தவர் அவர். பிறகு வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் சாப்பாடு. வயிறு நிறைந்தபின் வேட்டி, புடவை என்று முறையான உடையோடு வரிசையில் நில்லுங்கள். நிற்பது நடப்பதைவிடச் சிரமம். கணுக்காலை அசைத்துக்கொண்டே இருந்தால் வீங்காது.

இறங்கும்போது பஸ். இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். ஏறி முடித்த தொடை 3,550 படி இறங்கும்போது முழங்காலைத் தாங்காது, உண்மையான வலி இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கீழே வந்து, விட்டுவைத்த கோவிந்தராஜரைச் சேவித்துவிட்டுச் சென்னை ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். புத்தூர், நகரி, பொன்பாடி, திருத்தணி என்று நீங்கள் நடந்த ஊர்களெல்லாம் வரிசையாக வரும். வீட்டுக்குப் போனதும் லட்டை அக்கம்பக்கத்தில் பகிர்ந்து கொடுத்துவிட்டு, ஒரு வாரம் மாடிப்படி ஏறாமல் இருங்கள்.